வலிய சீட்டா? இயைந்த சீட்டா?

இளம் அறிவியல் (கணிதம்), மூன்றாம் ஆண்டு

சீட்டாட்டம் என்றதுமே முகம் சுளிக்கும் பெரியோர்களே, சற்றுப் பொறுங்கள்! காசு வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரியில் கணிதம் கற்பித்த ரிச்சர்டு கார்ஃபீல்டு என்பவர் படைத்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் ஆட்டத்தைப் பற்றி எழுத வந்தேன். 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அது வெளிவந்தது.

ஆடுவோர் இருவரும் மந்திரவாதிகள். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள். நிலச் சீட்டுகள் 'மானா' என்னும் ஆற்றலைத் தரும். அதைச் செலவிட்டு உயிரினங்களை அழைக்கலாம், மந்திரங்களை ஏவலாம். இதன் தனிச் சிறப்பு என்னவென்றால், அவரவர் கட்டை அவரவரே தொகுத்துக்கொண்டு வர வேண்டும். 60 சீட்டுக்குக் குறையக் கூடாது. அடிப்படை நிலங்கள் நீங்கலாக, ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் கூடாது. எனவே ஆட்டத்தின் பாதி, மேசைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது!

விரைந்து தாக்கி வெல்வோர் ஒரு சாரார். எதிராளியின் தாக்குதலையெல்லாம் தடுத்து, அவர் கை ஓய்ந்த பிறகு நிதானமாக வெல்வோர் மற்றொரு சாரார். இந்த இரண்டாம் வகைக் கட்டுக்கு 'கன்ட்ரோல்' என்று பெயர். நான் இரண்டாம் கட்சி. அதில் எந்தச் சீட்டுகளைச் சேர்ப்பது என்பதில்தான் எனக்கும் என் விடுதித் தோழனுக்கும் ஓயாத வழக்கு.

"உள்ளவற்றுள் வலிமையானவற்றைப் பொறுக்கி அடுக்கு, கட்டு தானே வலிமை பெறும்" என்பது அவன் கட்சி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஆட்டத்தில் வலிமை பெரும்பாலும் விலையோடு வருகிறது. 'பிளாக் லோட்டஸ்' என்னும் ஒரு சீட்டு 2021-இல் 5 இலட்சத்து 11 ஆயிரத்து 100 டாலருக்கு ஏலம் போயிற்று. ஒரே ஒரு சீட்டு! தடித்த தாளை வெட்டிப் பேனாவால் பெயர் எழுதி ஆடும் எங்களுக்கு அந்த விலையால் நட்டமில்லைதான். ஆயினும் பணமுள்ளவனே வெல்வான் என்றால் மூளைக்கு என்ன வேலை என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை. ஆகவே 'பாப்பர்' முறையில்தான் ஆடுவோம் என்று வாதாடி வென்றேன். ஏழை என்று பொருள்படும் பெயர். எளிதில் கிடைக்கும் சாதாரணச் சீட்டுகளை மட்டுமே அதில் சேர்க்கலாம். ஆட்டக்காரர்களே வளர்த்த அம்முறையை 2019-இல் நிறுவனமும் ஏற்றுக்கொண்டது.

சாதாரணச் சீட்டுகளைக் கொண்டு எப்படி அடக்கி ஆள்வது? இயைபால்தான்! உர்சாவின் சுரங்கம், மின்நிலையம், கோபுரம் என்று மூன்று நிலச் சீட்டுகள் உண்டு; 1994-இல் வந்தவை. தனித்தனியே ஒவ்வொன்றும் ஒரே ஒரு மானா தரும். மூன்றும் கூடிவிட்டாலோ 2, 2, 3 ஆக மொத்தம் ஏழு! மூன்று ஒன்றுகளைக் கூட்டினால் மூன்று என்று படித்தவன் நான். அது ஏழானபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அந்த மகிழ்ச்சியில்தான் கெட்டேன். இயைபு இயைபு என்று, ஒன்றில்லாமல் மற்றொன்று உதவாத இரட்டைச் சீட்டுகளாகவே தேடிச் சேர்த்தேன். தொடர்ந்து தோற்றேன். பிறகுதான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நான்கு படிகள் உள்ள ஒரு சீட்டு, முதலில் எடுக்கும் ஏழில் ஒன்றாவது வருவதற்கு 100-க்கு 40 வாய்ப்பு. அப்படிப்பட்ட இரண்டு சீட்டுகளும் சேர்ந்தே வர? 100-க்கு 14 அல்லது 15 தான். ஆறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினால் ஒரு முறை! மற்ற ஆட்டங்களில், துணை வராத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன். வகுப்பில் பாடமாகப் படித்த சேர்மானக் கணக்குத்தான். தோற்ற பிறகே அது நினைவுக்கு வந்தது.

ஆகவே என் கருத்து இதுதான்: தனியே வந்தாலும் ஒரு வேலை செய்ய வேண்டும், கூடி வந்தால் பெரிய வேலை செய்ய வேண்டும். அத்தகைய சீட்டுகளே கன்ட்ரோல் கட்டுக்கு ஏற்றவை. 'ஸ்டோன்ஹார்ன் டிக்னிட்டரி' என்ற காண்டாமிருக வீரனைப் பாருங்கள். அவன் களத்துக்குள் நுழைந்தால் எதிராளி தம் அடுத்த போர்க்கட்டத்தை இழக்கிறார். 'நெமோனிக் வால்' என்னும் சுவர் நுழைந்தால், செலவழிந்த மந்திரம் ஒன்று கைக்குத் திரும்புகிறது. 'கோஸ்ட்லி ஃபிளிக்கர்' மந்திரமோ நம்முடைய இரண்டு சீட்டுகளை மறையச் செய்து உடனே மீண்டும் நுழைக்கிறது. எதிராளி அழிக்க வரும்போது உயிரினத்தைக் காப்பாற்ற அது ஒன்றே போதும். மூன்றும் தனித்தனியே பயனுள்ளவை. மூன்றும் கூடினால்? மந்திரம் வீரனையும் சுவரையும் மறைத்து நுழைக்கிறது. வீரன் போரைத் தடுக்கிறான். சுவர் அதே மந்திரத்தைக் கைக்குத் தருகிறது. முறைக்கு மூன்று மானா செலவில், எதிராளி இனித் தாக்கவே முடியாது!

இதே அளவுகோலால்தான் 'கவுண்டர்ஸ்பெல்'லையும் அளந்தேன். எந்த மந்திரத்தையும் தடுக்கும் வலிய சீட்டு அது. ஆனால் அதற்கு இரண்டு நீல மானா வேண்டும்; உர்சாவின் நிலங்களோ நிறமற்ற மானாவைத்தான் தரும். எவ்வளவு நல்ல மாப்பிள்ளையானாலும் குடும்பத்தோடு ஒட்டவில்லையே! நான்கில் இரண்டை எடுத்துவிட்டேன். தோழன் தலையில் அடித்துக்கொண்டான்.

புதிய கட்டு வெல்லத் தொடங்கியது. ஒரு நாள் மேற்சொன்ன பூட்டைப் போட்டுவிட்டு, வெல்லும் வழி ஏதும் கையில் இல்லாமல் அரைமணி நேரம் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் சீட்டுகளைக் கீழே வைத்தான். "உன்னோடு ஆடுவதும் ஒன்றுதான், சுவரோடு ஆடுவதும் ஒன்றுதான்" என்று சொல்லி எழுந்து போனான். பிறகு இரண்டு வாரம் ஆட வரவில்லை.

கன்ட்ரோல் ஆட்டமே ஆட்டமில்லை என்பாரை நான் ஏற்கவில்லை. தடுப்பதும் திறமையே, எதிராளி எதை வைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்காமல் தடுக்க முடியாது. ஆனால் முடிக்க வழியில்லாமல் கட்டிப்போடுவது திறமை அன்று, அடாவடி. போட்டிகளில் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம் என்று வரையறை வைத்தது வீணாகவா? 'சென்செய்ஸ் டிவைனிங் டாப்', 'கவுண்டர்பேலன்ஸ்' என்னும் இரண்டு சீட்டுகளின் இயைபு 'லெகசி' முறையில் பல ஆண்டுகள் கோலோச்சியது. 2017 ஏப்ரலில் அவற்றுள் 'டாப்'பைத் தடை செய்தார்கள். அந்தக் கட்டின் ஆதிக்கம் ஒரு காரணம். அது ஆட்டத்தை இழுத்தடித்தது மற்றொரு காரணம். தோற்றவர்களின் புலம்பல் என்று முன்பு நான் அதை எள்ளியதுண்டு. இப்போது எள்ள மாட்டேன்.

1990-களின் நடுவில் புகழ்பெற்ற பிரையன் வைஸ்மனின் கன்ட்ரோல் கட்டிலும் வெற்றிக்கென்று இரண்டு தேவதைச் சீட்டுகள் இருந்தன. மற்றவையெல்லாம் பெரும்பாலும் தடுக்கவும், புதிய சீட்டு எடுக்கவும், மானா சேர்க்கவும் உதவியவை. நானும் இரண்டு இடங்களை ஒழித்து 'உலமாக்ஸ் கிரஷர்' என்னும் பூதத்தைச் சேர்த்தேன். எட்டு மானா விலை. உர்சாவின் மூன்று நிலங்களோடு இன்னொரு நிலம் இருந்தால் போதும். தாக்குதலுக்கு எட்டுப் புள்ளி. எதிரே தடுக்க ஆளில்லையென்றால் மூன்றே தாக்குதலில் 20 புள்ளியும் தீர்ந்துவிடும்.

தோழனை மீண்டும் அழைத்தேன். வந்தான். பூட்டு விழுந்த நான்காம் முறையில் தோற்றான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இது பரவாயில்லை" என்றான். பிறகு என் தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, மிஞ்சியிருந்த அந்த இரண்டு கவுண்டர்ஸ்பெல்லையும் எடுத்துத் தன் கட்டில் செருகிக்கொண்டான்.