பேத்தியின் படத்தில் போடி எங்கே?

கோடை விடுமுறைக்கு மூணாறிலிருந்து வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேத்தி, பள்ளியில் வண்ணம் தீட்டிய கேரளப் படம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஆறு வயது. "மூணாறு எங்கே பாப்பா?" என்றேன். விரலை வைத்தாள். பாலக்காட்டையும் காட்டினாள். "சரி, அப்பத்தா வீடு எங்கே?" என்று கேட்டேன். என் சம்பந்தியம்மாள் இருப்பது போடிநாயக்கனூரில். குழந்தை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தாளை விட்டுத் தள்ளி, மேசை மேல் விரலை வைத்து, "இங்க இருக்கு தாத்தா. பேப்பர் பத்தல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இரவு படுத்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் படத்தில் எல்லைக்குக் கிழக்கே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. இது பள்ளியின் குற்றம் அல்ல. எந்த மாநிலத்துப் பாடப்புத்தகமும் தன் மாநிலத்தைத்தான் போடும். திருச்சூர்க் குழந்தைக்கு அது போதும். ஆனால் நம் குழந்தைகளுக்கு? அப்பத்தா போடியில், மாமன் கம்பத்தில், குலதெய்வம் உத்தமபாளையத்துப் பக்கம். பாலக்காட்டுக்காரர்களுக்கு அதுவே பொள்ளாச்சி, உடுமலை, கோவை. வாழ்க்கையில் பாதி அந்த வெள்ளைத் தாளில் கிடக்கிறது. வேடிக்கையைக் கேளுங்கள்: மூணாறிலிருந்து பாலக்காட்டுக்கு வரும் எங்கள் வழியே படத்தில் இல்லை. மறையூர் தாண்டி, சின்னார் சோதனைச் சாவடியில் கேரளத்தை விட்டு, உடுமலை, பொள்ளாச்சி சுற்றி, கோபாலபுரத்தில் மறுபடியும் கேரளத்துக்குள் நுழைகிறோம். பள்ளிப் படத்தின்படி, என் பேத்தி பாதி வழியில் காணாமல் போய்த் திரும்பி வருகிறாள்!

ரயில்வேயில் நான் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி சொல்வார்: "உன் செக்‌ஷன் முடியுற இடத்தில் படத்தை முடிக்காதே. அடுத்தவன் தண்டவாளமும் கொஞ்சம் தெரியணும். இல்லேன்னா உன் தண்டவாளம் எங்கே போய் முட்டுதுன்னு உனக்கே தெரியாது." முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைபடங்களோடு வாழ்ந்தவன் நான். ஆனாலும் என் பிள்ளைகளுக்கு மாநிலங்களையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்யவைத்து, அதுதான் படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என்று நினைத்திருந்தேன். அந்தத் தவற்றைப் பேத்தி விஷயத்தில் செய்யக் கூடாது என்று மறுநாள் காலையே கொல்லைப்புறத்துக்குப் போனேன். மராமத்து வேலை செய்து மிஞ்சிய மணல் அங்கே குவிந்து கிடந்தது.

முதலில் ஊரும் இல்லை, நாடும் இல்லை. எங்கள் வீடுதான். தீப்பெட்டி கட்டில், சோப்பு டப்பா அடுப்படி, கிணற்றுக்கு ஒரு பாட்டில் மூடி. மேலேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பது குழந்தைக்குப் புரியாது என்று பலர் சொல்கிறார்கள். ஏன் புரியாது? பாண்டி ஆடக் கட்டம் கிழிக்கும் குழந்தை அதைத்தானே செய்கிறது? புள்ளி வைத்துக் கோலம் போடும் பெண், வரிசை எண்ணி, நிரை எண்ணிச் சரியான இடத்தில் கம்பியை வளைக்கிறாளே! எங்கள் டிராயிங் ஆபீஸ் கட்டத்தாளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வழிக்கு வந்தோம். கிலோமீட்டர் என்பது ஆறு வயதுக்கு வெறும் சொல். ஆகவே ஒரு சிவப்பு நூலை எடுத்து, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண் என்று கணக்கு வைத்தேன். மூணாறிலிருந்து உடுமலைக்கு மூன்று சாண், அங்கிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு சாண், பாலக்காட்டுக்கு இன்னும் ஒன்றரை. நூலை நேராக நீட்டினால் படம் கொல்லையைத் தாண்டி விடும் போலிருந்தது. "மலையில பஸ் நேராவா போகுது?" என்று அவளே கேட்டுவிட்டு, மணலைக் குவித்து, மூன்று சாண் நூலையும் அதன் மேல் வளைத்து வளைத்துச் சுற்றினாள். மூன்று சாண் நூல் ஒரு சாண் இடத்தில் அடங்கிவிட்டது. கொண்டையூசி வளைவு எதற்கு என்று டிப்ளமோ படிப்பில் எனக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினார்கள்.

பிறகு களிமண். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே பாலக்காட்டுக் கணவாய். சுமார் முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள இந்த வாசல் வழியாகத்தான் 1862-ல் சென்னை ரயில் பாதை மேற்குக் கடற்கரையில் பேப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. மார்கழிக் காற்று கிழக்கிலிருந்து நம் வீட்டுக் கதவை அடித்துச் சாத்துவதும் இந்த வாசலால்தான். இரண்டு களிமண் மலைக்கும் நடுவே அவளை ஊதச் சொன்னேன். அந்தப் பக்கம் வைத்திருந்த அரிசி மாவு பறந்து என் வேட்டியெல்லாம் வெள்ளை.

மலை வந்தால் தண்ணீர் வர வேண்டும். தம்ளரில் எடுத்து உச்சியில் ஊற்றினோம். கேரளத்து நாற்பத்து நான்கு ஆறுகளில் நாற்பத்தொன்று மேற்கே ஓட, கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே ஓடுகின்றன. அட்டப்பாடி வழியாகப் போகும் பவானியும், மறையூர் வழியாக அமராவதி அணைக்குப் போகும் பாம்பாறும் நம் எல்லைக்காரர்களின் ஆறுகள். பெரியாற்றுத் தண்ணீரோ 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்குப் போகிறது. அதற்கு ஒரு பப்பாளித் தண்டு போதுமானதாக இருந்தது. கம்பத்து மாமா வயலுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதைப் பெரியவர்களின் சண்டையிலிருந்து தெரிந்துகொள்வதை விட, ஒரு குழந்தை இப்படித் தெரிந்துகொள்வது மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் இருந்த எழுபது பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், குழந்தைகளும் உண்டு. படம் தெரிந்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது பாவம். ஆனால் எங்கள் வீட்டு லயத்துக்கு மேலே எந்தச் சரிவு, எந்த ஓடை எந்தப் பக்கம் திரும்பி இறங்குகிறது, மழை வலுத்தால் மேடு எங்கே என்பது மலையில் வளரும் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தீப்பெட்டி வீட்டை ஓடை வாயில் வைத்துத் தண்ணீர் ஊற்றியபோது பேத்தி தானாகவே வீட்டைத் தூக்கி மேட்டில் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இது ஏதோ தாத்தாவின் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லை வழியே அறுத்து, குழந்தைகள் சேர்த்து விளையாடக் கொடுத்தார். மரியா மாண்டிசோரி அம்மையார் மரத்துண்டுப் படங்களையும், தீவு, ஏரி என்று நிலமும் நீரும் உள்ள தட்டுகளையும் பாடமாகவே ஆக்கினார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், உலகப் போர்க் காலத்தில் 1942 முதல் 1944 வரை தங்கியிருந்தது எங்கே தெரியுமா? நம் மூணாறு மலைகளுக்குக் கிழக்கே, கொடைக்கானலில்! அவர் முறையில் குழந்தையின் கைதான் முதல் புத்தகம். இன்று அந்த முறை பெரிய கட்டணம் வாங்கும் பள்ளிகளின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. மணலுக்கும் களிமண்ணுக்கும் கட்டணம் ஏது?

என் மருமகப்பிள்ளை, "எல்லாம் போனிலேயே தெரியுதே மாமா" என்கிறார். தெரிகிறது, மறுக்கவில்லை. நானும் அதைப் பார்த்துத்தான் வண்டி ஓட்டுகிறேன். ஆனால் அதில் நாம் எப்போதும் நடுவில் நீலப் புள்ளியாக நிற்கிறோம், உலகம் நம்மைச் சுற்றி நகர்கிறது. கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை. பெரியவனுக்கு அது வசதி. ஆறு வயதுக்கு அது போதாது.

நிற்க. நம் சங்கத்து ஞாயிறு வகுப்புக்கு நான் சொல்ல வருவது இதுதான். குழந்தைகளில் பலர் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கிறார்கள். தமிழ் பேசுகிறார்கள், வாசிக்கத் திணறுகிறார்கள். 'அணில், ஆடு' அட்டையை நீட்டினால் கொட்டாவி விடுகிறார்கள். பேத்திக்கு ஊர்ப் பெயர்களை அட்டையில் எழுதி, ஈர்க்குச்சியில் குத்திக் கொடுத்தேன். 'போடி' என்ற இரண்டெழுத்தை அன்றே படித்துவிட்டாள், அப்பத்தா ஊர் ஆயிற்றே! 'உடுமலை', 'மறையூர்' மறுநாள். 'பொள்ளாச்சி'க்கு நான்கு நாள் ஆயிற்று. 'ள்ளா' கொஞ்சம் தகராறு செய்தது.

போடிக் குச்சியை நட்டபோது, மூணாறிலிருந்து போடிக்கு அந்தக் காலத்தில் தேயிலை எப்படிப் போயிற்று என்ற கதையும் சொன்னேன். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை, அங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறக்கி, பிறகு போடிக்கு. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. நல்லவேளையாக, போடிக்கு வரும் மதுரைப் பாதை 2010-ல் நின்றுபோய், அகலப் பாதையாகி 2023-ல் திரும்பி வந்துவிட்டது. அதற்குக் கறுப்பு நூல் வைத்தோம்.

எல்லாம் முடிந்த பிறகு பேத்தி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அந்தக் கோடு எங்க தாத்தா?" என்றாள். பள்ளிப் படத்தில் இருந்த மாநில எல்லைக் கோடு. "நீயே வை" என்றேன். வெகு நேரம் யோசித்து, சின்னாரில் சிவப்பு நூலின் குறுக்கே ஒரு விளக்குமாற்றுக் குச்சியை வைத்தாள். கோபாலபுரத்தில் ஒன்று. போடி மெட்டில் ஒன்று. சோதனைச் சாவடிக் கம்பு! அவள் கண்டிருக்கும் எல்லை அவ்வளவுதான். பஸ் வந்ததும் குச்சியைத் தூக்கி, போனதும் இறக்கி, மதியம் வரை அதே விளையாட்டு.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, சங்கக் கட்டடத்தின் பின்பக்கம் அரை வண்டி மணல் கொட்டச் சொல்லியிருக்கிறேன். நூலும் களிமண்ணும் நான் கொண்டுவருகிறேன். பெற்றோர்கள் காலித் தீப்பெட்டிகளை எறியாமல் சேர்த்துக் கொடுத்தனுப்பவும். அவரவர் சொந்த ஊர்ப் பெயரைத் தமிழில் பிழையில்லாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் உபகாரம். நல்ல உடுப்புப் போட்டு அனுப்ப வேண்டாம்.