3800 வாட்ஸ் எண்ட பொய்

எங்கட கூட்டத்தில ஒருத்தன் போன ஆவணியில தன்ர வானுக்கு அம்ப் ஒண்டு வாங்கினான். பெட்டியில கொட்டை எழுத்தில 3800 வாட்ஸ். இரண்டு 12 அங்குல வூஃபர், வயர் செட், பலகைப் பெட்டி அடிச்ச கூலி எல்லாம் சேர்த்து நாலு மாச லீசிங் காசு போனது. முதல் ஓட்டம் பருத்தித்துறைக்கு. பேஸ் விழுற ஒவ்வொரு முறையும் ஹெட்லைற் கண் சிமிட்டியது. மூன்றாம் கிழமை பற்றரி படுத்துவிட்டது. அடுத்த கிழமை ஒரு வூஃபரில் கருகல் மணம். கடைக்குப் போனால், "தம்பி, நீங்கள் சத்தத்தைக் கூட்டிப் போட்டியள்" எண்டு பதில். சத்தத்தைக் கூட்டத்தானே ஐயா வாங்கினது!

நாங்கள் அம்பைக் கழற்றி மேசையில் வைத்துச் சுத்திப் பார்த்தோம். வயர் பூட்டுகிற பக்கத்தில் ஒரேயொரு பியூஸ். அதில் 30 எண்டு எழுதியிருந்தது. பெட்டியில் இருந்த 3800 பொய். பியூஸில் இருந்த 30 உண்மை.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். என்ஜின் ஓடேக்க வண்டியில் ஏறக்குறைய 14 வோல்ற் இருக்கும். 14ஐ 30ஆல் பெருக்கினால் 420 வாட்ஸ். அந்த அம்புக்குள் தொடர்ந்து போகக்கூடிய மின்சாரமே அவ்வளவுதான். பியூஸ் ஒரு கணம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் ஒன்பது மடங்கு தாங்காது. போனது எல்லாம் சத்தமாக வெளியே வருவதும் இல்லை. ஏபி வகை அம்ப் எண்டால் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்கு வரும், மிச்சம் சூடு. டி வகை எண்டால் ஐந்தில் நாலு பங்கு வரும். ஆகவே எங்கட நண்பன் வாங்கியது நல்ல நாளில் 250க்கும் 340க்கும் இடைப்பட்ட வாட்ஸ். உண்மையாகவே 3800 வாட்ஸ் எடுக்க வேண்டுமெண்டால் பற்றரிப் பக்கமிருந்து 340 அம்பியர் அளவில் இழுக்க வேணும். சாதாரண வான் ஒன்றின் ஓல்டனேற்றர் தருவது 70, 80, கூடினால் 100. அதிலும் லைற், ஏசி எல்லாம் பங்கு கேட்கும்.

இந்தப் பொய் தெரியாமல் நடப்பதில்லை. கண நேரத்துக்குத் துள்ளுகிற உச்சத்தை எடுத்து, அதை இரட்டிப்பாக்கி, 'மேக்ஸ்' எண்டு அச்சடிப்பது இந்தச் சந்தையின் பழக்கம். தொடர்ந்து தரக்கூடிய வலுவுக்குப் பெயர் ஆர்எம்எஸ். அமெரிக்க உற்பத்தியாளர்கள் 2003இல் சிஇஏ-2006 எண்டு ஒரு அளவுமுறையையே கொண்டுவந்தார்கள். 14.4 வோல்ற், 4 ஓம், சத்தத்தில் சிதைவு 1 வீதத்துக்கு மேல் போகக்கூடாது, அந்த நிலையில் அளந்ததைத்தான் எழுத வேணும். விரும்பினவை மட்டும் பின்பற்றுகிற முறை அது. எங்கட ஊருக்கு வருகிற கன பெட்டிகளில் அந்த எழுத்து மருந்துக்கும் இல்லை.

ஆனால் கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. ஏன் வாங்கினோம்? இலக்கம் பெரிசு, அதனால் வாங்கினோம். யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைக்கு இலக்கம்தானே கடவுள். எத்தனை ஏ, இசற் ஸ்கோர் என்ன, சீதனம் எத்தனை இலட்சம், கொடி எத்தனை பவுண். உள்ளே என்ன இருக்கு எண்டு கேட்காமல் வெளியே எழுதின இலக்கத்தைப் பார்த்துத் தலையாட்ட எங்களைப் பழக்கியிருக்கினம். அதே தலையைத்தான் அம்ப் கடையிலும் ஆட்டுகிறோம்.

சரி, எப்படித் தெரிவு செய்வது? அம்பிலிருந்து தொடங்காதேங்கோ. வூஃபரிலிருந்து தொடங்குங்கோ. அதன் ஆர்எம்எஸ் எத்தனை, கொயில் எத்தனை ஓம். இரட்டைக் கொயில், ஒவ்வொன்றும் 4 ஓம் எண்டால், பக்கம் பக்கமாகப் பூட்டினால் 2 ஓம், வரிசையாகப் பூட்டினால் 8 ஓம். அப்படி இரண்டு வூஃபரை எல்லாம் பக்கம் பக்கமாகப் பூட்டினால் 1 ஓம். 2 ஓமுக்குக் கீழே தாங்காத அம்பில் அதைக் கொளுவினால் அம்ப் சூடேறி நிற்கும், இல்லாட்டி எரியும். அந்த ஓமில் அந்த ஆர்எம்எஸ்ஸைத் தருகிற, டி வகை, ஒற்றைச் சனல் அம்பைத் தேடுங்கோ. வூஃபருக்கு அது போதும். பிறகு பியூஸைப் பாருங்கோ. கணக்குச் சரிவராவிட்டால் கடையை விட்டு இறங்குங்கோ.

வயரிலும் ஏமாற்று இருக்கு. செப்பு நிறத்தில் பளபளக்கும் செட்டுகளில் பல, அலுமினியத்துக்கு மேல் செப்புப் பூசினவை. அதே தடிப்பில் அலுமினியம் செப்பின் அறுபது வீதம் அளவுதான் மின்சாரம் கடத்தும். நுனியைச் சுரண்டிப் பாருங்கோ, வெள்ளை தெரிந்தால் அலுமினியம். பற்றரியிலிருந்து ஒரு முழத்துக்குள் தனிப் பியூஸ் ஒண்டு போடாமல் வயரை உள்ளே இழுக்கவே கூடாது. அந்தப் பியூஸ் அம்பைக் காப்பாற்ற அல்ல, வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. கெயின் எண்ட திருகு சத்தம் கூட்டுகிற திருகும் அல்ல. அதை முழுக்கத் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, கொயில் கருகும். எங்கட நண்பனின் வூஃபர் செத்தது அதாலதான். கடையில் கெயினை முழுக்கத் திருப்பிக் காட்டித்தான் விற்றிருக்கினம்.

பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வைத்திருக்கிற வீடுகள் இங்கே இன்னும் இருக்கு. தாத்தாவின் காருக்கு வூஃபர் பூட்ட ஆசைப்படுகிற தம்பிமாரே, அந்தக் கார்கள் பல பொசிற்றிவ் ஏர்த். பொடியில் பூட்டியிருப்பது பற்றரியின் கூட்டல் பக்கம். மாற்றாமல் இன்றைய அம்பைக் கொளுவினால் அந்தக் கணமே முடிஞ்சுது. டைனமோ தருவதும் 20 அம்பியர் அளவுதான்.

இன்னுமொரு கணக்கு. வலுவை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபெல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்கு எண்டு தெரிய வேணுமெண்டால் ஏறக்குறையப் பத்து மடங்கு வலு வேணும். ஆகவே 300 வாட்ஸுக்கும் 600 வாட்ஸுக்கும் இடையில் நீங்கள் கட்டுகிற காசுக்குக் கிடைப்பது ஒரு சிறு படி. அந்தக் காசை வூஃபரின் அளவுக்குப் பொருந்திய, காற்றுக் கசியாத பெட்டிக்குப் போடுங்கோ.

இவ்வளவையும் வாசிக்கிற பெரியாக்கள் இப்ப சந்தோஷப்படுவினம். "அதுதான் சொன்னனாங்கள், பொடியள் கெட்டுப் போச்சினம்." பொறுங்கோ. 2020 பங்குனியில் நிறுத்தின தனியார் வாகன இறக்குமதி 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தது. ஐந்து வருஷம் புது வண்டிக்கு வழியில்லை. இருக்கிற வண்டியைப் பொடியள் சோடித்தாங்கள். 2025 தொடக்கத்தில் 'கிளீன் சிறீலங்கா' எண்டு பொலிஸார் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் மேலதிகமாகப் பூட்டினதைக் கழற்ற இறங்கினபோது ஊர் முழுக்கக் கை தட்டியது. அதே ஊரில், வழமையாக இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை எண்டு உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது எத்தனை திருவிழாவில் நினைவுக்கு வருகிறது? குழாய் ஸ்பீக்கர் பக்தி, வூஃபர் காவாலித்தனம் எண்ட கணக்கை நாங்கள் ஏற்கமாட்டோம்.

ஆனால் அந்த நியாயம் எங்களுக்கும் பொருந்தும். 40 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை எட்டரை மீற்றர் நீளம். கல் வீட்டுச் சுவர் அதை மறிக்காது. ஒழுங்கைக்குள் நாங்கள் போகேக்க கண்ணாடி அதிர்வது ஏஎல் சோதினைக்குப் படிக்கிற எங்கட தங்கச்சியின் அறையில்தான். 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் காது தாங்கும். 3 டெசிபெல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100 டெசிபெல் எண்டால் கால் மணித்தியாலம். கொழும்பு போகிற இரவு பஸ்ஸில் பின்சீற்றில் இருக்கிற அம்மா அந்தப் பாட்டைக் கேட்கவில்லை, இறங்கி நடக்கவும் ஏலாது. பேஸ் எங்கட உரிமை. அவவின்ர நெஞ்சு எங்கட பெட்டி இல்லை.

1990களில் இந்தக் குடாநாட்டில் கரண்ட் இல்லை, பற்றரி தடைப்பொருள், கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எங்கட அப்பாமார் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டவை. அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாட்ஸ். அது தடையும் போரும் தந்த வாழ்க்கை, எங்களுக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் ஒண்டு மட்டும் அவைக்குத் தெரிஞ்சிருந்தது: கையிலிருந்து எவ்வளவு போகுது, ஸ்பீக்கரால் எவ்வளவு வருகுது எண்டு. அவையிட்ட யாரும் 3800 எண்டு சொல்லி விற்றிருக்க ஏலாது.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகேக்க மூண்டு கேள்வி கேளுங்கோ. ஆர்எம்எஸ் எத்தனை? எத்தனை ஓமில்? பியூஸ் எத்தனை அம்பியர்? பதில் வராவிட்டால் வாங்காதேங்கோ. நாலு பேர் வாங்காமல் இறங்கினால் ஐந்தாவது ஆளுக்கு உண்மையான பெட்டி வரும். எங்கட நண்பன் அந்த அம்பை இன்னும் வைத்திருக்கிறான், புது வூஃபர் ஒன்றோடு, கெயின் பாதியில். இப்ப ஹெட்லைற் சிமிட்டுவதில்லை. பாட்டும் நல்லாத்தான் கேட்குது.