கரைப்பாட்டும் கிற்றாரும்

விழாக் கொண்டாடும் வேளையிற் பழமையைப் போற்றுதல் இயல்பே. ஆயினும், பழமையைப் போற்றும் முறை யாது என்பதில் நம்மிடையே ஒருமைப்பாடு இல்லை. நாட்டுப்பாடலைக் கிற்றாரோடு இணைத்துத் தாமே இயற்றிப் பாடும் இளைஞரைக் காணுந்தோறும் நம்மிற் பலர் முகஞ் சுளிக்கின்றோம். பாட்டுக் கெட்டதெனக் கவலுகின்றோம். இக்கவலை தகுமா என்பதை மன்னார்த் தீவையும் அதனை அடுத்த மாதோட்டத்தையும் கண்முன் வைத்து ஆராய விரும்புகின்றோம்.

மன்னார்க் கரையில் வலை இழுத்தோர் அம்பா பாடினர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஒரே குரலில் ஏற்றுப் பாடினர். அக்குரல் அழுந்தும் இடத்திற் கைகள் யாவும் ஒருங்கே கயிற்றை இழுத்தன. பாட்டு அங்கே பொழுதுபோக்கன்று, தொழிற்கருவி. கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களில் அரிவு வெட்டும்போதும் சூடு மிதிக்கும்போதும் எழுந்த பாடல்களும் அத்தன்மையனவே. இன்றோ பல இடங்களில் உழவு இயந்திரம் வலையை இழுக்கின்றது. அறுவடை இயந்திரம் வெட்டும் வேலையையும் சூடடிக்கும் வேலையையும் ஒருங்கே முடிக்கின்றது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. நெடுநாட் போரும் இடப்பெயர்வும் பாடுவோரையும் கேட்போரையும் பிரித்தன. அம்பா நலிந்தமைக்குக் காரணம் கிற்றார் அன்று. அது குடியிருந்த தொழில் மாறியமையே. வீடிழந்த பாட்டுக்குப் புதுவீடு தேடாது, பழைய வாசலை மட்டும் காத்து நிற்பதால் யாது பயன்?

கலப்பினால் தூய்மை கெடும் என்பாரும் உளர். மன்னார் மண் கலப்பை அஞ்சியதில்லை. திருக்கேதீச்சரத்தை ஞானசம்பந்தரும் சுந்தரரும் கடலுக்கு அப்பாலிருந்தே பாடினர் என்பது மரபு. 1560இல் மன்னாரிற் போர்த்துக்கேயர் கோட்டை அமைத்தனர். அவர்களோடு பரவிய கத்தோலிக்க சமயக் கதைகளை இம்மக்கள் தமிழ்க் கூத்தின் ஆட்டத்திலும் பாட்டிலும் அமைத்துக்கொண்டனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்த மன்னார்க் கூத்துகளுள் ஒன்று ‘எண்டிறீக்கு எம்பரதோர்’. பேரரசன் எனப் பொருள்படும் பறங்கிச் சொல்லே அங்கு ‘எம்பரதோர்’ ஆயிற்று. அதனை இன்று நம் மரபுச் செல்வம் என்று போற்றுகின்றோம் அன்றோ? நேற்றைய கலப்பு மரபாகுமாயின், இன்றைய கலப்பு மட்டும் பழிக்கத்தக்கதாவது எங்ஙனம்?

இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையின் முன்னோடியான நித்தி கனகரத்தினம் கிற்றாரைக் கையிலேந்தி, பைலாத் துள்ளலோடு ஊர்ப் பேச்சுத் தமிழை இணைத்துத் தாமே எழுதிப் பாடினார். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்னும் அவர் பாடல்களை, இயற்றியவர் பெயர் அறியாதோரும் கலியாண வீட்டிலும் பேருந்துப் பயணத்திலும் பாடக் கேட்டிருக்கின்றோம். ஒரு பாட்டு நாட்டுப்பாடலாகும் வழி இதுவேயாம். ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’யோ பாக்கு நீரிணையையும் கடந்து தமிழ்நாட்டிற் புகழ்பெற்றது.

எனினும், எல்லாப் புதுமையும் நன்றென்று நாம் கூறோம். மூலப்பாட்டை ஒருமுறை கேட்ட அளவில், அதன்மேற் பறையோசை ஏற்றி விற்பது கலப்பன்று, கலப்படம். அம்பாவின் தாளம் கயிறு இழுக்கும் மூச்சிற் பிறந்தது; அம்மூச்சை அறியாதவன் அதன் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உரிமையுடையன் அல்லன். புதிது புனைவோன் முதலில் முதியோர் காலடியில் அமர்ந்து கற்றல் வேண்டும். கற்றபின், எந்த ஊரில் யாரிடம் பெற்ற மெட்டென்று சபையறியச் சொல்லல் வேண்டும். சொல்லாது விடுதல் களவேயாம்.

நம் கடமையும் ஒன்றுண்டு. கல்லூரி மேடைகளிற் கருநாடக இசைக்கு இடமுண்டு, மேலைநாட்டு வாத்தியக் குழுவுக்கும் இடமுண்டு, அம்பாவுக்கு ஏனில்லை? விடுமுறைக் காலத்தில் மாணவர் பேசாலைக்கும் வங்காலைக்கும் தலைமன்னாருக்கும் சென்று, அங்குள்ள முதியோரின் பாடல்களைக் கைப்பேசியிலேனும் பதிவு செய்யலாம். பழம் பாட்டைப் பிழையறப் பாடுவோர்க்கு ஒரு பரிசும், அதன் வழிநின்று புதுப்பாட்டு இயற்றுவோர்க்கு மற்றொரு பரிசும் பழைய மாணவராகிய நாமே நிறுவலாம். விழா மலரின் தாள் பழுப்பேறுவதற்குள் இதனைச் செய்தல் வேண்டும். பாடத் தெரிந்த முதியோர் நமக்காகக் காத்திரார்.