பந்து ஒண்ணு... பதில் ரெண்டு!

என்ன மக்களே, செமஸ்டர் நெருங்குதா? 'கோண உந்தம்'னு சொன்னதும் பம்பரமும் ஃபேனும் பைக் சக்கரமும்தானே ஞாபகத்துக்கு வருது? வைவாவில் எக்ஸாமினர் சிரிச்சுக்கிட்டே கேட்பார்: "தூக்கி எறிஞ்ச பந்துக்குக் கோண உந்தம் உண்டா?" 'சுத்தாத பந்துக்கு ஏது சார்?'னு சொன்னீங்க... அவுட்!

உண்டு. அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்னு, நிக்காம போற எக்ஸ்பிரஸைப் பாருங்க. ரயில் நேராத்தான் போகுது. ஆனா அதைப் பார்க்கிற உங்க கழுத்து திரும்புதே! அந்தத் திரும்பலுக்கான கணக்குதான் கோண உந்தம். அதனால, பதில் சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு எதிர்க்கேள்வி கேட்கணும்: "எந்தப் புள்ளியைப் பொறுத்து சார்?"

இப்போ கிரவுண்டுக்குப் போவோம். பவுண்டரியில் நிக்கிற ஃபீல்டர், கீப்பருக்குப் பந்தை எறியறார். பந்து 160 கிராம். கிடைமட்ட வேகம் நொடிக்கு 20 மீட்டர், மேல்நோக்கிய வேகமும் அதே 20. புவியீர்ப்பு முடுக்கம் 10னு வெச்சுக்கலாம், காத்தை மறந்துடுங்க. பந்து 2 நொடியில் 20 மீட்டர் உச்சிக்குப் போய், 4 நொடியில் 80 மீட்டர் தள்ளி கீப்பர் காலடியில் விழும்.

முதல்ல ஃபீல்டர் காலடியைப் புள்ளியா எடுப்போம். கிளம்பும்போது கோண உந்தம் பூஜ்யம், ஏன்னா தூரமே இல்லை. உச்சியில் 0.16 × 20 × 20 = 64. விழும்போது 0.16 × 20 × 80 = 256. நேரம் ரெண்டு மடங்கு, கோண உந்தம் நாலு மடங்கு! காரணம், பந்து தள்ளிப் போகப் போக அதோட எடை தர்ற திருப்பு விசையும் கூடிக்கிட்டே போகுது. அதனால கோண உந்தம் நேரத்தின் வர்க்கத்தில் எகிறுது.

இப்போ கீப்பர் காலடிக்கு மாறுங்க. அதே பந்து, அதே த்ரோ. கிளம்பும்போதே 256, விழும்போது பூஜ்யம்! ரெண்டு பதிலும் சரிதான். புள்ளியைச் சொல்லாத பதில்தான் தப்பு.

'அப்போ பந்து தானாவும் சுழன்றா?'னு கேட்கிறீங்களா? சூப்பர் கேள்வி! விடை நம்ம ஆவடியிலேயே இருக்கு. ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியில் தயாரான அர்ஜுன் டாங்கின் 120 மி.மீ. பீரங்கிக் குழாய்க்குள் சுருள் சுருளா பள்ளங்கள் உண்டு. அதிலிருந்து ஒரு வகைக் குண்டு கிர்ருனு சுழன்றபடியே வெளியே வரும். அந்தச் சுழற்சி இல்லேன்னா குண்டு வழியிலேயே குட்டிக்கரணம் போட்டுடும். அதே ஆவடியில் தயாராகிற டி-90 டாங்கின் 125 மி.மீ. குழாய் உள்ளே வழவழப்பு. அதோட குண்டுகளை நேரா வெச்சிருப்பது வால் துடுப்புகள்.

இந்தச் சொந்தச் சுழற்சியின் கோண உந்தம் எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் ஒண்ணுதான். எடை, நிறை மையம் வழியா இழுக்குது. அதனால மையத்தைப் பொறுத்து திருப்பு விசை கிடையாது. மொத்தக் கோண உந்தம் வேணும்னா, பறக்கிறதுக்கான கணக்கையும் சுழல்றதுக்கான கணக்கையும் திசை பார்த்துக் கூட்டுங்க. அவ்வளவுதான்!

பரீட்சையில் இந்தக் கணக்கு வந்தா, விடையின் முதல் வரியிலேயே புள்ளி எதுன்னு எழுதிடுங்க. மிச்சமெல்லாம் வெறும் பெருக்கல்தான் பாஸ்!