காற்றின் கணக்கை ஊருக்குச் சொல்லுங்கள்!

அரிசியில் கல் இருந்தால் முறத்தில் போட்டுப் புடைத்து விடலாம். தண்ணீர் கலங்கி இருந்தால் வடிகட்டி, காய்ச்சிக் குடிக்கலாம். காற்றில் அழுக்கு இருந்தால் என்ன செய்வது?

சாப்பாடு இல்லாமல் மனிதன் சில வாரம் இருப்பான். தண்ணீர் இல்லாமல் சில நாள் இருப்பான். காற்று இல்லாமல் சில நிமிடம் கூட இருக்க முடியாது!

அந்தக் காற்று சுத்தமாக இருக்கிறதா, இல்லையா? அதைத் தெரிந்து கொள்ளும் வழி சட்டத்தில் இருக்கிறது. ஆனால், அந்த வழி பலருக்குத் தெரியாது.

ஆலையும் சாலையும்

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே இருக்கிறது, மறைமலைநகர். சென்னையின் நெருக்கடியைக் குறைப்பதற்காக 1980-ம் ஆண்டில் உருவான துணை நகரம் இது. தமிழ் அறிஞர் மறைமலை அடிகளின் பெயர் இந்த ஊருக்குச் சூட்டப்பட்டது.

இங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. ஊரை ஒட்டி ஜி.எஸ்.டி. ரோடு ஓடுகிறது. தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பஸ்களும் லாரிகளும் இந்த வழியாகப் போகின்றன. பக்கத்தில் உள்ள சிங்கபெருமாள்கோவிலில் ஒரகடத்துக்கு ரோடு பிரிகிறது. அங்கே உள்ள தொழிற்சாலைகளுக்கும் லாரிகள் போகின்றன. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் பரனூர் சுங்கச்சாவடி. பண்டிகைக் காலத்தில் அங்கே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

ஆலையால் வேலை கிடைக்கிறது. சாலையால் வியாபாரம் நடக்கிறது. இரண்டும் வேண்டும். புகைதான் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கில் உள்ள முடியும் சளியும் பெரும்பாலும் தடுத்து விடும். தெரியாத தூசிதான் ஆபத்தானது. மோட்டார் புகையிலும், ஆலைப் புகையிலும், குப்பை எரியும் புகையிலும் அது இருக்கிறது. அதன் பருமன் இரண்டரை மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான்!

இந்தத் தூசி நுரையீரலின் அடி வரை போகும். அதில் மிகச் சிறியது ரத்தத்திலும் கலந்து விடும். இருமல், இழுப்பு மட்டும் அல்ல. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்று நோய் ஆகியவற்றுக்கும் இது காரணம் ஆகிறது. குழந்தைகள் பெரியவர்களை விட வேகமாக மூச்சு விடுகிறார்கள். ஆகவே, அவர்களுக்குத் தொல்லை அதிகம்.

வெளிக்காற்றில் உள்ள மாசு, வீட்டு அடுப்புப் புகை இரண்டாலும் உலகில் ஆண்டுக்கு சுமார் 70 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது.

லண்டன் கற்ற பாடம்

1952-ம் ஆண்டு டிசம்பர் மாதம் லண்டன் நகரை ஐந்து நாள் கரிப்புகை மூடியது. பட்டப்பகலில் வழி தெரியவில்லை. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அதன் பிறகுதான், 1956-ல் இங்கிலாந்தில் சுத்தமான காற்றுக்கு என்று ஒரு சட்டம் வந்தது.

இந்தியாவில் காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-ல் வந்தது. மறு ஆண்டு தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் அமைக்கப்பட்டது. அதன் அலுவலகம் ஒன்று மறைமலைநகரிலேயே இருக்கிறது.

புகை விடும் தொழிற்சாலை இந்த வாரியத்திடம் இசைவு வாங்க வேண்டும். எவ்வளவு புகை விடலாம் என்று வாரியம் அளவு வைக்கும். மீறினால் ஆலையை மூடச் சொல்லலாம். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம். முன்பு ஜெயில் தண்டனையும் இருந்தது. 2023-ல் செய்த திருத்தத்தால், பெரும்பாலான குற்றங்களுக்கு அது அபராதமாக மாறியது. அபராதம் 15 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

தண்டனை குறைந்தால் கண்காணிப்பு கூட வேண்டும் அல்லவா? அந்தக் காவலுக்கு அதிகாரிகள் மட்டும் போதாது. ஊர் மக்களின் கண்ணும் வேண்டும்.

திறந்து கிடக்கும் கதவு

சட்டத்தின் 51-வது பிரிவு சொல்வது இதுதான்: யார் யாருக்கு இசைவு தரப்பட்டது, எவ்வளவு புகைக்கு அனுமதி என்று வாரியம் பதிவேடு வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதைப் பார்க்கலாம். 43-வது பிரிவின்படி, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விட்டு, சாதாரண குடிமகனும் கோர்ட்டுக்குப் போகலாம்.

கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால், வேலைக்குப் போகும் தகப்பனும், சமையலறையில் இருக்கும் தாயும் பதிவேட்டைத் தேடி அலுவலகம் போவார்களா? பதிவேடு தெருவுக்கு வர வேண்டும்!

ரேஷன் கடையில் அரிசி இருப்பு, சர்க்கரை இருப்பு எல்லாம் பலகையில் எழுதப்படுகிறது. அதே போல, அன்றைய காற்றின் நிலையை ரயிலடியிலும், பஸ் நிலையத்திலும், பள்ளிக்கூட வாசலிலும் எழுதி வைக்க வேண்டும். "நல்லது", "சுமார்", "மோசம்" என்று எளிய தமிழில் எழுதினால் போதும். மோசமான நாளில் தாய் பிள்ளையை வெளியே விளையாட விடாமல் வைத்துக் கொள்வாள். ஆஸ்துமா உள்ள தாத்தா மருந்தைக் கையில் எடுத்துக் கொள்வார்.

ஆலை வாசலிலும் பலகை வேண்டும். இது புதிய யோசனை அல்ல. ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகள் தங்கள் புகை விவரத்தை வாசலில் காட்ட வேண்டும் என்று 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. எல்லா ஆலைக்கும் இதை விரிவாக்கினால் என்ன?

"மக்கள் பீதி அடைவார்கள், தொழில் ஓடிவிடும்" என்று சிலர் சொல்லலாம். காய்ச்சலை அளந்தால் நோயாளி பயப்படுவான் என்று எந்த வைத்தியராவது தெர்மாமீட்டரை ஒளித்து வைப்பாரா? ஒழுங்காக நடக்கும் ஆலைக்குப் பலகை நல்ல பெயரைத்தான் வாங்கித் தரும்.

வீட்டு வாசலிலும்...

பழி முழுவதையும் ஆலை மீது போடுவதும் நியாயம் அல்ல. 2018-ல் போகி அன்று எரித்த புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துகிறவர், முதலில் தன் குழந்தையின் மூச்சில்தான் நஞ்சைக் கலக்கிறார்.

ஆலை தன் புகையை அடக்கட்டும். வண்டிக்காரர் என்ஜினைப் பழுது பார்க்கட்டும். வீட்டுக்காரர் குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கட்டும். வாரியம் அளந்து சொல்லட்டும்.

மறைமலை அடிகள் தமிழ் தூய்மையாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டவர். அவர் பெயர் கொண்ட ஊரில், காற்றின் தூய்மையும் தமிழில் எழுதப்படட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் அது புரியட்டும்!