ஏழ்மையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா?

வேலையின்மை பெருகினால் குற்றங்களும் பெருகும் என்பது ஆட்சியாளர்கள் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட கருத்தாக இருந்தாலும், உலக அனுபவம் அதை அப்படியே உறுதிப்படுத்தவில்லை. பெருமந்தக் காலமான 1933இல் நான்கில் ஒரு தொழிலாளி வேலையின்றி நின்ற அமெரிக்காவில், அடுத்துவந்த ஆண்டுகளில் வேலையின்மை நீடித்தபோதும் கொலை விகிதம் சரிந்தது. வளம் கொழித்த 1960களில் குற்றங்கள் கூடின. வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்ட 2009இலும் அவை குறைந்துகொண்டே வந்தன.

பொருளாதாரத்துக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது; எத்தகைய குற்றம் என்பதைப் பொறுத்து அத்தொடர்பு மாறுபடுகிறது. இன்றைய ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவில், ஏழைகளின் ரொட்டித் தானியமான ‘ரை’ விலையேறிய ஆண்டுகளில் திருட்டு மிகுந்ததைப் புள்ளியியலாளர் கியோர்க் ஃபொன் மயர் 1867இல் காட்டினார். அக்காலத் தரவுகளைப் பின்னாளில் மீண்டும் ஆராய்ந்தவர்களோ, அதே ஆண்டுகளில் வன்முறைக் குற்றங்கள் குறைந்திருப்பதைக் கண்டு, பீர் விலையும் உடன் ஏறியதால் குடி குறைந்ததே அதற்குக் காரணமாகலாம் என்று கருதினர்.

வன்முறையோடு நெருங்கிய தொடர்புடையது, வறுமையைக் காட்டிலும் ஏற்றத்தாழ்வே. வருமானம் அனைவருக்கும் சமமாகக் கிடைத்தால் 0 என்றும், முழுவதும் ஒருவரிடமே குவிந்தால் 1 என்றும் கணக்கிடப்படும் ஜினி குறியீடு, தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 0.63 ஆக, உலகின் மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக உள்ளது. அந்நாட்டின் தனிநபர் வருமானம் இந்தியாவினதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். ஆயினும் அண்மை ஆண்டுகளில் அங்கு லட்சம் பேருக்கு 40க்கும் மேற்பட்ட கொலைகள் நிகழ, இந்தியாவில் அவ்வெண்ணிக்கை சுமார் 3 அளவிலேயே நிற்கிறது. நிறவெறி ஆட்சி நகருக்கு வெளியே ஒதுக்கிவைத்த குடியிருப்புகளில் வேலைவாய்ப்பும் நல்ல பள்ளியும் காவல்துறைமீது நம்பிக்கையும் ஒருசேர இல்லாமற்போனதன் விளைவையும் இவ்வேறுபாட்டில் காணலாம்.

தீர்வுக்கான தடயம் சிகாகோவில் கிடைக்கிறது. 2012 கோடையில், வன்முறை மிகுந்த பகுதிகளின் பள்ளி மாணவர்கள் சிலர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, எட்டு வாரம் பகுதிநேர வேலை பெற்றனர். வாய்ப்புப் பெறாதவர்களோடு ஒப்பிடுகையில், அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றங்களுக்காக அவர்கள் கைதானது 43 சதவீதம் குறைந்தது. வேலைக்காலம் முடிந்த பின்னரே இக்குறைவு பெரிதும் வெளிப்பட்டதால், கையில் கிடைத்த கூலி மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

ஆகவே, குடிசைப் பகுதியில் வசிப்பதையே சந்தேகத்துக்குப் போதிய காரணமாகக் கொள்ளும் காவல் நடைமுறையை அரசுகள் கைவிட வேண்டும். இளைஞர் வேலைத் திட்டங்களை இலவசங்களின் பட்டியலிலிருந்து எடுத்து, குற்றத் தடுப்புச் செலவாக நிதிநிலை அறிக்கையில் சேர்க்க வேண்டும்.