துப்பாக்கி பிடிக்க ஆள் இருக்கு, அட்டை எண்ணத்தான் ஆள் இல்லை

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வகுப்பில் பொறுமையாக உட்கார்ந்த மாதிரி இதையும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். குளித்து, தலை துவட்டி, சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பும்போது பலூன் சுடுகிற கடை முன்னால் பையன் நின்றுவிட்டான். பத்து குண்டு சுட்டான், ஏழு பலூன் உடைந்தது. கடைக்காரர், "பையனை ஒலிம்பிக்குக்கு அனுப்புங்க அண்ணாச்சி" என்று சிரித்தார்.

பஸ்ஸில் வரும்போது பேரன் கேட்டான்: "தாத்தா, நீங்களும் துப்பாக்கிப் போட்டிக்குப் போறீங்கள்ல, நீங்க எத்தனை சுடுவீங்க?"

"நான் சுட மாட்டேன்டா. அடுத்தவங்க சுட்ட அட்டையை எண்ணுவேன்."

"அவ்வளவுதானா?" என்றான். முகம் சுருங்கிப் போச்சு.

பேரன் மட்டுமில்லை, மச்சினரும் இதைத்தான் கேட்டார்: "ரிட்டயர் ஆன பிறகு நிம்மதியா இருக்காம, சம்பளமும் இல்லாம, இந்த வயசுல துப்பாக்கி பக்கத்துல உங்களுக்கு என்ன வேலை அத்தான்?" அதற்குப் பதில்தான் இந்தப் பதிவு.

நாலு வருஷமாக, வெளியூரில் ஒரு கிளப் நடத்துகிற ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் போட்டிகளுக்குத் தன்னார்வலராகப் போய்வருகிறேன். பள்ளியில் என்.சி.சி. பொறுப்பு பார்த்தபோது உங்களில் சிலரைப் பாயிண்ட் 22 ரைஃபிள் சுடக் கூட்டிப் போனது நினைவிருக்கும். ஐந்து குண்டும் நெருக்கமாக விழுந்தால் குரூப்பிங் நன்று என்று முதுகில் தட்டுவேன். அந்தப் பழக்கத்தில் போனவன்தான். பலூன் கடைக்கும் போட்டிக்கும் என்ன வித்தியாசம் என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது. பலூன் உடைந்ததா இல்லையா என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். போட்டியில் அதைச் சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆள் சரியாகவும் சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன உள்ளூர்ப் போட்டிக்கு எத்தனை வேலை என்று பாருங்கள். பிள்ளைகள் பெயர், வயதுச் சான்று பார்த்துப் பதிய ஒருவர். யார் எந்த நேரம், எந்த லேனில் என்று பட்டியல் போட ஒருவர். கருவிகளைச் சோதிக்க ஒருவர். ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி, எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். 'லோடு', 'ஸ்டார்ட்', 'ஸ்டாப்' என்று கட்டளை சொல்ல ஒரு ரேஞ்ச் ஆபீசர். அட்டை மாற்ற, எண்ண, கூட்ட, பலகையில் ஒட்ட ஆட்கள். குண்டு ஈயம் என்பதால், சோற்றில் கை வைக்கும் முன்னால் பிள்ளைகளை சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்கவும் ஒருவர் வேண்டும். பதினைந்து பேர் செய்ய வேண்டிய இந்த வேலைகளைப் பெரும்பாலும் ஆறு பேர் செய்கிறோம்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும்? நான் செய்த தப்பையே சொல்கிறேன்.

ஏர் ரைஃபிள் அட்டையில் பத்து பாயிண்ட் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. சுடுகிற குண்டு 4.5 மில்லிமீட்டர். வளையத்துக்கு வளையம் இடைவெளி 2.5 மில்லிமீட்டர்தான். குண்டு ஒரு வளையக் கோட்டை லேசாகத் தொட்டாலும் உயர்ந்த மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஆனால் காகிதம் கிழிந்ததும் ஓரம் கொஞ்சம் உள்ளே சுருங்கிக்கொள்ளும். அதனால் ஓட்டை, குண்டைவிடச் சின்னதாகத் தெரியும். சந்தேகம் வந்தால் கண்ணை நம்பக் கூடாது. நடுவரிடம் கொடுத்து 'கேஜ்' என்கிற அளவுகோலை ஓட்டைக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். அதையும் ஒரே தடவைதான் விடலாம். திரும்பத் திரும்ப விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும்.

அன்றைக்கு அட்டை எண்ண வேண்டிய இரண்டு பேரில் ஒருவர் வரவில்லை. நான் ஒருவனே எண்ணினேன். மத்தியானத்துக்கு மேல் கண் கசந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளையின் அட்டையில் ஓர் ஓட்டை கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. 'தொடலை' என்று எட்டு போட்டேன். அடுத்த கட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பிள்ளை ஒரே ஒரு பாயிண்ட்டில் தகுதி மதிப்பெண்ணைத் தவறவிட்டாள். பலகையில் மதிப்பெண் ஒட்டியதும் ஆட்சேபணை சொல்லப் பத்து நிமிஷம் உண்டு. அதை அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் எடுத்துச் சொல்லப் பலகைப் பக்கம் ஆள் இல்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று போய்விட்டார்கள். அவள் அழுதுகொண்டே போனதாகப் பிறகு சொன்னார்கள்.

சாயந்திரம் அட்டைகளைக் கட்டும்போது அந்த அட்டை மறுபடி என் கையில் வந்தது. என்னவோ உறுத்தியது. நடுவரிடம் கொடுத்தேன், அவர் கேஜ் வைத்தார். கோடு தொட்டிருந்தது. எட்டு இல்லை, ஒன்பது.

கிளப்காரர்கள் பட்டியலைத் திருத்தி மறுநாள் போனில் சொல்லிவிட்டார்கள். கணக்கு நேராகிவிட்டது. ஆனால் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளை தோற்றதாக நினைத்திருக்கிறாள். அதை எந்தத் திருத்தமும் சரிசெய்யாது. அடுத்த வருஷம் அவள் மறுபடி வந்தாள். சுட்டு முடித்ததும் என் மேசைப் பக்கம் வந்து, மரியாதையாக, "சார், இந்தத் தடவை கேஜ் வச்சுப் பார்ப்பீங்களா?" என்று கேட்டாள். முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு அந்தக் கேள்வி போதும். "பார்ப்போம்மா. ரெண்டு பேரா பார்ப்போம்" என்றேன்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ விடைத்தாள் முகாமுக்குப் போன ஆசிரியர்கள் இதைப் படித்தால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஒருவர் திருத்துவார், இன்னொருவர் கூட்டலைச் சரிபார்ப்பார், அதற்கு மேல் முதன்மைத் தேர்வாளர் பார்ப்பார். நம் மேல் நம்பிக்கை இல்லாமல் வைத்த ஏற்பாடு இல்லை அது. மனுஷக் கண் களைத்துப் போகும் என்று தெரிந்து வைத்த ஏற்பாடு. உள்ளூர் விளையாட்டுப் போட்டியில் மட்டும் 'சேவைதானே, இருக்கிற ஆளை வைத்து ஓட்டுவோம்' என்கிறோம். ஓட்டிவிடலாம். அதற்கு விலை கொடுப்பது ஒரு பிள்ளையாகத்தான் இருக்கும்.

"இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு சார்" என்று ஒரு பழைய மாணவன் சொன்னான். பாதி உண்மை. வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள் லட்சக்கணக்கில் விலை. ஆனால் தொடக்கநிலைப் பிள்ளைக்கு கிளப் துப்பாக்கி போதும், நாலு பேர் மாறி மாறிச் சுடலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கிச் சுடுதலில் வந்தவை. மனு பாக்கர் தனியாக ஒன்றும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து ஒன்றும் வாங்கினார். ஸ்வப்னில் குசாலே ஒன்று. அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்கில் இதே விளையாட்டில் ஒரு பதக்கமும் இல்லை. நம்ம தமிழ்ப் பிள்ளை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர், துப்பாக்கி பிடித்து வளர்ந்தது குஜராத்தில். தோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடினார். இவர்கள் யாரும் நேராக ஒலிம்பிக்கில் போய் நிற்கவில்லை. மாநிலப் போட்டி, மாவலங்கர் போட்டி, தேசியப் போட்டி என்று படி ஏறித்தான் போக வேண்டும். முதல் படி உள்ளூரில் இருக்கிறது. அந்தப் படியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து அட்டை எண்ணியிருப்பார்.

உள்ளூர்ப் போட்டி என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம், கோவில்பட்டிக்குப் போனால் போதும். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி அங்கே ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஹாக்கி அந்த ஊர்ப் பேச்சிலேயே கலந்துவிட்டது. அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினான். வருஷா வருஷம் மைதானத்துக்குக் கோடு போட்டு, விசில் ஊதி, ஸ்கோர் எழுதுகிற கைகள் இல்லாமல் ஒரு ஊரில் விளையாட்டு வேர் பிடிக்காது.

அடுத்தது பயம். "பிள்ளைங்க கையில துப்பாக்கியா?" என்று ஆச்சிமார் கேட்பது நியாயம். நம் பக்கத்தில் துப்பாக்கி என்றாலே செங்கோட்டை வாஞ்சிநாதனும் 1911 மணியாச்சி ஸ்டேஷனும்தான் நினைவுக்கு வரும். 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் வேண்டாம் என்று சட்டம் சொல்கிறது. அதற்காக அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஒழுங்காக நடக்கிற ரேஞ்சில், சுடாத நேரத்தில் ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்குள்ளும் பளிச்சென்ற ஆரஞ்சு நூல் முழு நீளத்துக்கும் போயிருக்கும். உள்ளே குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். 'ஸ்டாப்' என்றால் அத்தனை பேரும் நிறுத்த வேண்டும். நூல் மாட்டியதைப் பார்த்த பிறகுதான் எவரும் முன்னால் போகலாம். இதைக் கவனிக்கவும் ஆள் வேண்டும். பயப்படுகிறவர்களே வந்து நின்றால் இன்னும் நல்லது, அவர்கள் கண்தான் கூர்மையாக இருக்கும்.

இனி என் யோசனை. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. எல்லாவற்றுக்கும் திருநெல்வேலிக்கு ஓட வேண்டாம் என்றுதானே கேட்டு வாங்கினோம்? பத்து மீட்டர் என்பது முப்பத்து மூன்று அடிக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் கெட்டிச் சுவர், குண்டு தடுப்புப் பெட்டி, சுடும் பக்கம் வாசல் இல்லாத ஒரு நீள ஹால் இருந்தால் போதும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில் என்று நாலு இடம் கிடைத்தால் தபால் போட்டி நடத்தலாம். இங்கிலாந்தில் சின்ன ஊர் கிளப்புகள் வெகுகாலமாக இப்படி நடத்துகின்றன. முத்திரையும் எண்ணும் போட்ட அட்டைகளை வாங்கிக்கொண்டு, அவரவர் ஊரில், சாட்சி வைத்துச் சுடுவார்கள். அட்டையை அனுப்பினால் ஓரிடத்தில் எண்ணி முடிவு சொல்வார்கள். பஸ் செலவு, தங்கும் செலவு இல்லை. பள்ளி நிர்வாகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் நடத்த வேண்டும். அட்டை எண்ண என் வீட்டுத் திண்ணை இருக்கிறது.

தன்னார்வலர் என்றால் இளிச்சவாயன் என்று அர்த்தம் இல்லை. பஸ் காசு, சாப்பாடு, ஒரு நாள் பயிற்சி கொடுக்க வேண்டும். சொந்தப் பிள்ளை சுடுகிற சுற்றில் பெற்றோர் அட்டை எண்ணக் கூடாது, அது பேரனாக இருந்தாலும் சரி. சந்தேக அட்டையை ஒருவரே முடிவு செய்யக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத போட்டிக்கு நானே போக மாட்டேன்.

ரிட்டயர் ஆன ஆசிரியர்களே, வீட்டில் இருக்கும் என் பழைய மாணவிகளே, சனி ஞாயிறு ஓய்வாக இருக்கும் தம்பிமாரே, வருஷத்துக்கு இரண்டு ஞாயிறு கொடுங்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரிய வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும், நிதானம் இருந்தால் போதும். வருகிறவர்கள் போன் பண்ணிச் சொல்லுங்கள். படிக்கிற கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

பேரனுக்கு அன்று ராத்திரி ஒரு பழைய அட்டையைக் காட்டி, "இது எட்டா, ஒன்பதா சொல்லு" என்றேன். விளக்கு வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தான். "தெரியலையே தாத்தா" என்றான்.

தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்ததே, அவனுக்கு அந்த வேலை பாதி வந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
தென்காசி